எலும்புகள் எங்கேயும் ஓடிவிடாது

அன்புள்ள ஐயா,

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். இதய அறுவை மருத்துவராக வேண்டும் என்பது ஆசை. முன்கூட்டியே தயாராகலாம் என்று அண்ணனின் உடற்கூறியல் புத்தகத்தை எடுத்து எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். இது சரியான வழிதானா? இன்னொன்று, ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. வீட்டில் சொல்லவில்லை.

(பெயர் வேண்டாமே)

அன்புள்ள நண்பருக்கு,

புத்தகத்தை அண்ணனிடமே கொடுத்துவிடுங்கள். 206 எலும்புகளும் எங்கேயும் ஓடிவிடாது. மருத்துவக் கல்லூரி முதலாண்டில் கையில் கொடுத்தே சொல்லித்தருவார்கள். தேர்வு முடிந்ததும் பாதி மறந்துபோகும் என்பது வேறு விஷயம்.

உங்கள் பள்ளிப் பாடங்களோ ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் அங்கே வகுப்பே தொடங்கும். இயற்பியலில், குழாயில் திரவம் எவ்வளவு ஓடும் என்று சொல்லும் பாய்சொய் சமன்பாடு வருகிறதல்லவா? அழுத்தம் மாறாமல் குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகிவிடும். இதய ரத்தக்குழாய் சுருங்குவது ஏன் அவ்வளவு ஆபத்து என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. பாய்சொய் ஒரு மருத்துவர், ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளத்தான் அதில் இறங்கினார். வேதியியலில் மடக்கையை ஒழுங்காகப் படித்தவருக்குத்தான், ரத்தத்தின் பி.எச். (அமிலத்தன்மையைக் காட்டும் மடக்கை அளவு) 7.4இலிருந்து 7.1க்கு இறங்கினால் ஹைட்ரஜன் அயனி இரட்டிப்பாகிவிட்டது என்று உறைக்கும்.

எல்லாவற்றையும்விட நிகழ்தகவு. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் நோய். நூற்றுக்கு 99 தடவை சரியாகச் சொல்லும் சோதனை. ஒருவருக்கு 'இருக்கிறது' என்று முடிவு வந்துவிட்டது. நோய் நிஜமாகவே இருக்க எவ்வளவு வாய்ப்பு? 99 சதவீதம் என்றுதான் வாயில் வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நோயுள்ள அந்த ஒருவர் அநேகமாக அகப்பட்டுவிடுவார். நோயில்லாத 999 பேரில் சுமார் 10 பேருக்கும் 'இருக்கிறது' என்றே வரும். ஆக, பதினொருவரில் ஒருவருக்குத்தான் நோய். இதைப் புரிந்துகொள்ளாத மருத்துவர், மீதிப் பத்துப் பேரையும் அழவைத்து வீட்டுக்கு அனுப்புவார்.

எந்தத் துறை என்பதை இப்போது விட்டுவிடுங்கள், படிக்கும்போது மனம் மாறும். எந்த நாட்டில் படிப்பது என்பதை மட்டும் யோசியுங்கள். பல நாடுகளில் பள்ளி முடிந்ததும் நேரே சேரலாம். அமெரிக்காவில் பொதுவாக நான்காண்டுப் பட்டம் முடித்துவிட்டுத்தான் நான்காண்டு மருத்துவம். எந்தெந்தப் பாடங்கள் கட்டாயம் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஒன்றை விட்டுவிட்டு அப்புறம் தேடிப் படிப்பது பெரிய தலைவலி.

சரி, தலைசுற்றலுக்கு வருவோம். ரத்தத்தைக் கண்டதும் சிலருக்கு இதயத்துடிப்பு குறைந்து, ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். கோழைத்தனம் இல்லை, நரம்பு செய்யும் வேலை. அறுவை அரங்கில் முதல் நாள் சாய்ந்துவிழுந்த மாணவர்கள் ஏராளம். பலருக்குப் பழகப் பழகக் குறைந்துவிடுகிறது. கண் இருட்டுவது போலிருந்தால் உடனே உட்கார்ந்து, தொடைத் தசைகளையும் கைகளையும் இறுக்கிப் பிடியுங்கள், அழுத்தம் இறங்காமல் தாங்கும். மயங்கியே விழுகிறீர்கள் என்றால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். எதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.