கேள்வி பதில்: கால்டுவெல் ஐயரின் களிமண்ணும் ஐயரம்மாவின் நூலும்

(போன இதழில் திருநெல்வேலிப் பக்கத்து இடையன்குடியில் கால்டுவெல் கட்டிய கோயிலைப் பற்றி நான் எழுதிய நாலு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. அதனால் இந்த மாதம் முழுக்க இடையன்குடிதான். சினிமாக் கேள்வி அனுப்பியவர்கள் மன்னிக்கவும்.)

கால்டுவெல் ஓவியம் படித்தவர் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். அவர் மொழியறிஞர் அல்லவா? ஓவியம் எங்கிருந்து வந்தது?
– கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

நாம் ராபர்ட் கால்டுவெல்லைப் பின்னாலிருந்து படிக்கிறோம். 1856இல் வந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்தான் முதலில் கண்ணில் படுகிறது. மற்றதெல்லாம் அதன் நிழலுக்குள் போய்விடுகிறது. முன்னாலிருந்து பார்த்தால் கதை வேறு. 1814இல் அயர்லாந்தில் பிறந்த பையன். பதினைந்து பதினாறு வயதில் டப்ளினுக்குப் போனது ஓவியம் படிக்க. படம் வரைவதே தொழில் என்றுதான் கிளம்பினார். அதற்குப் பிறகுதான் மனசு சமய ஊழியத்தின் பக்கம் திரும்பி, கிளாஸ்கோ பல்கலைக்கழகம் போனார். மொழிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆசை அங்கே தொற்றிக்கொண்டது. 1838 ஜனவரியில் சென்னையில் கப்பல் இறங்கினார். 1841இல் சென்னையிலிருந்து கால்நடையாக, அதுவும் நீலகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு, தெற்கே வந்து சேர்ந்தார்.

முப்பத்திரண்டு வருஷம் டிராயிங் வாத்தியாராக இருந்தவன் நான். ஓவியம் படித்த ஒருவன் அதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் நம்ப மாட்டேன். கை விடாது. தூரிகையை வைத்துவிட்டால் வேறு எதையாவது வரையும். கால்டுவெல் இடையன்குடியையே வரைந்தார். அவர் வந்தபோது அது செம்மண் தேரியும் பனையுமாகக் கிடந்த சின்ன ஊர். நிலம் வாங்கி, நூல் பிடித்த மாதிரி தெருக்களை வகுத்து, கிணறு வெட்டி, மரம் வைத்தார். இன்றைக்கும் நீங்கள் அந்தத் தெருவில் நின்று பார்த்தால் ஒரு சட்டகத்துக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். எனக்கு இருந்தது.

அப்புறம் கோயில். (எங்கள் பக்கத்தில் தேவாலயத்தைக் கோயில் என்றும், பாதிரியாரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் சொல்வோம். சென்னை வாசகர்கள் குழம்ப வேண்டாம்.) கோதிக் பாணி, கூர்மையான வளைவு ஜன்னல்கள். பனை ஓலையும் மண்சுவரும் கட்டிப் பழகிய ஊரில் அந்த வளைவை யாருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? காகிதத்தில் வரைந்து கொடுத்தால் கொத்தனாருக்கு விளங்காது. ஐயரே களிமண்ணில் ஜன்னலையும் வளைவையும் மாதிரியாகச் செய்து கையில் கொடுப்பாராம். அதைத் தொட்டுத் தடவிப் பார்த்துக் கொத்தனார்கள் கல்லிலும் சுண்ணாம்பிலும் பெரிதாக்குவார்களாம். ஊரில் இதைச் சொல்லாத கிழவர் கிடையாது. வாத்தியார் வேலையில் இதைவிட நல்ல பாடம் நான் பார்த்ததில்லை. கரும்பலகையில் பானையை வரைந்து காட்டினால் பையன்கள் என் கோட்டைத்தான் காப்பியடிப்பார்கள். பானையையே மேசையில் கொண்டு வைத்த அன்றுதான் பானையைப் பார்த்தார்கள்.

கோயில் கட்ட 30 வருஷம் ஆனதாக எழுதிவிட்டீர்கள். 33 வருஷம்! எங்கள் ஊர் விஷயத்தில் மூன்று வருஷத்தை விழுங்கலாமா?
– வாசகி, இடையன்குடி

தப்புதான் அம்மா. 1847இல் தொடங்கி 1880இல் பிரதிஷ்டை. முப்பத்து மூன்று. பணம் கிடைத்தபோது சுவர் ஏறியது, கிடைக்காதபோது நின்றது. தொடங்கியபோது அவர் இளம் பாதிரியார். முடித்தபோது பேராயர், வயது அறுபத்தாறு. நடுவில் ஒப்பிலக்கணம் ஒரு பதிப்பு வந்து, திருத்திய இரண்டாம் பதிப்பும் 1875இல் வந்தாயிற்று. மூன்று வருஷத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கோபம் வேண்டாம்.

எங்கள் பாட்டி லேஸ் பின்னுவார். "எல்லாம் கால்டுவெல் ஐயரம்மா சொல்லிக் கொடுத்தது" என்பார். நாகர்கோவிலில் என் மாமியார் வீட்டிலோ, "லேஸ் முதலில் வந்தது எங்கள் ஊருக்குத்தான்" என்கிறார்கள். யார் சொல்வது சரி?
– வாசகி, வள்ளியூர்

இரண்டு பேரும் சரி. ஆனால் மாமியார் வீட்டுக்கு ஒரு தலைமுறை முந்துரிமை உண்டு. பாட்டியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் என்ற தம்பதி 1819 கடைசியில் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். லண்டன் மிஷன். ஏறக்குறைய முப்பத்தைந்து வருஷம் அங்கேயே இருந்தார்கள். மார்த்தா பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினார். அங்கே வாசிப்பு, எழுத்து, கணக்கோடு லேஸ் பின்னலும் கற்றுக்கொடுத்தார். 1820களில் திருவிதாங்கூரில் பெண்ணைப் பள்ளிக்கு அனுப்புவது என்றால் ஊரே சிரிக்கும். அதிலும் வந்து சேர்ந்தவர்கள் பலரும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரப் பெண்கள், சிலர் அடிமைக் குடும்பத்தினர். லேஸ் விற்ற காசு பள்ளிக்கு உதவியது. அந்தக் காசைச் சேர்த்து விலை கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்களும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். சட்டம் வருவதற்கு முன்னாலேயே நூலைப் பின்னி வெளியே வந்தவர்கள் இவர்கள். இதை நான் முதலில் தெரிந்துகொண்டபோது எனக்கு ஐம்பது வயது. பள்ளிக்கூடப் பாடத்தில் ஒரு வரி கிடையாது.

இந்த மால்ட் தம்பதியின் மகள்தான் எலைசா. 1822இல் நாகர்கோவிலிலேயே பிறந்தவர். தமிழ் அவருக்குக் கற்ற மொழி இல்லை, காதில் விழுந்து வளர்ந்த மொழி. 1844இல் கால்டுவெல்லுக்கும் அவருக்கும் கல்யாணம். இடையன்குடிக்கு வந்த கையோடு பெண்களுக்குப் பள்ளியும் விடுதியும் தொடங்கினார். அம்மாவிடம் கற்ற லேஸும் கூடவே வந்தது. ஆக, நாகர்கோவில் தாய்வீடு, இடையன்குடி புகுந்தவீடு. லேஸ் சீதனமாக வந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஒப்பிலக்கண ஆசிரியர் வீட்டில் தினமும் தமிழ் பேசிய ஆள் யார் என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா? தெருவில் பெண்கள் எப்படிப் பேசுகிறார்கள், சொலவடை என்ன, வசவு என்ன என்பதெல்லாம் அவருக்கு இலக்கணப் புத்தகத்தில் கிடைத்திருக்காது. சாப்பாட்டு மேசையில் கிடைத்திருக்கும். இது என் ஊகம்தான்.

என் ஆச்சியும் போர்டிங்கில் லேஸ் படித்தவர்தான். கட்டிலுக்கடியில் தலையணை இருக்கும். தூங்குகிற தலையணை இல்லை. உள்ளே கெட்டியாக அடைத்து உருளையாகத் தைத்தது, தூக்கினால் சிறுபிள்ளையின் கனம் இருக்கும். மத்தியானம் கருப்பட்டிக் காப்பி குடித்த பிறகு அதை மடியில் எடுத்து வைத்தால் வீட்டில் பேச்சு நின்றுவிடும். நூல் சுற்றிய பாபின்கள் ஒன்றோடொன்று இடிபடுகிற டக் டக் சத்தம் மட்டும் கேட்கும். எனக்கு ஏழு வயதில் ஒருமுறை விளையாட்டாக இரண்டு பாபினை இடம் மாற்றி வைத்துவிட்டேன். ஆச்சி திட்டவில்லை. மூன்று நாள் வேலையைப் பிரித்துப் பிரித்துப் பின்னினார். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதுதான் தண்டனை. என் முதல் டிராயிங் வகுப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆச்சிக்கு ஒரு மனக்குறை இருந்தது. லேஸை வாங்கிப்போகிற ஓர் இடைத்தரகர், கெஜத்துக்கு அவர் சொன்ன விலைதான் விலை என்பார். வெளியூரில் அது என்ன விலைக்குப் போகிறது என்று கடைசிவரை சொல்லவே இல்லை. "பின்னுறவளுக்கு இடுப்புவலி, விக்கிறவனுக்கு வண்டி" என்பார் ஆச்சி.

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். இதெல்லாம் மதம் மாற்றத்தானே செய்தார்கள்? கலை, கல்வி என்று பூசி மெழுகுவது ஏன்?
– வாசகர், கோவில்பட்டி

தப்பாக நினைக்கவில்லை. அவர்களே அதை மறைக்கவில்லையே. மிஷனரிகள், சுவிசேஷம் சொல்லத்தான் வந்தார்கள். சொல்லவும் செய்தார்கள். கால்டுவெல் தப்பே செய்யாதவர் என்றும் நான் சொல்லவில்லை. 1849இல் திருநெல்வேலிச் சாணார்களை (இன்றைய நாடார்களை) பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் அந்தச் சமூகத்தை ஆழமாகப் புண்படுத்தியது. பின்னாளில் பெரிய எதிர்ப்பு கிளம்பியது. யாருக்கு ஊழியம் செய்ய வந்தாரோ அவர்களையே மேலே நின்று பார்த்து எழுதிய எழுத்து அது. நான் படித்தபோது முகம் சுருங்கிப் போயிற்று. என் சனங்களைப் பற்றியல்லவா எழுதியிருக்கிறார்.

ஆனால் ஒன்று. பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு மறந்துவிடலாம். கையில் ஏறிய வேலையை மறக்க முடியாது. மதம் மாறியவளும் பின்னினாள், மாறாதவளும் பின்னினாள். ஊசி வேலைக்கு அந்தக் காலத்தில் இன்னொரு பொருளும் இருந்தது. தோள்சீலைக் கலகம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மார்பை மறைத்துத் துணி உடுத்தியதற்காகத் தென் திருவிதாங்கூரில் பெண்களை அடித்தார்கள், துணியைக் கிழித்தார்கள். அப்பெண்களுக்கு மிஷனரிகளின் மனைவிமார் தொளதொளவென்ற குப்பாயம் என்ற மேல்சட்டை தைத்துக் கொடுத்தார்கள், தைக்கவும் சொல்லிக் கொடுத்தார்கள். 1822 வாக்கில் தொடங்கிய கலகம் 1859இல் அரசாணை வந்துதான் ஒருவிதமாக அடங்கியது. தையல் வகுப்பு என்றால் நமக்கு ஏதோ பொழுதுபோக்கு. அன்றைக்கு அடிவாங்கித் தரும் விஷயம்.

கால்டுவெல்லுக்கு மெரினாவில் சிலை இருக்கிறது. எலைசாவுக்கு எங்காவது உண்டா?
– வாசகி, தூத்துக்குடி

நான் பார்த்த வரையில் இல்லை. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் ஐயருக்குச் சிலை வைத்தார்கள். இடையன்குடியில் அவர் வீட்டை அரசு நினைவில்லம் ஆக்கியது. ஐயர் 1891 ஆகஸ்ட் 28 அன்று கொடைக்கானலில் காலமானார். உடலை அத்தனை தூரம் கொண்டு வந்து அவர் கட்டிய கோயிலுக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அம்மா இன்னும் எட்டு வருஷம் இருந்து 1899இல் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் அதே கோயில்தான். போனால் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பூ வாங்கிப் போங்கள். சிலை இருந்தால்கூட லேஸைக் கல்லில் செதுக்க முடியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

எனக்கு வயது 41. தலையணை லேஸ் கற்க ஆசை. வீடியோ பார்த்தால் தலை சுற்றுகிறது. எங்கே தொடங்குவது?
– வாசகி, மார்த்தாண்டம்

உங்களுக்கு வீடியோவே தேவையில்லை. மூலச்சலும் முளகுமூடும் எவ்வளவு தூரம்? அந்தப் பக்கம் பின்னிய கைகள் இன்னும் இருக்கின்றன. வயதான அம்மா யாராவது ஒருவர் பக்கத்தில் ஒரு வாரம் உட்காருங்கள்.

பார்க்கத்தான் பயமாக இருக்கும். உள்ளே இருப்பது இரண்டே அசைவு. நாலு பாபின், அதாவது இரண்டு ஜோடி. நடுவில் இருக்கிற இரண்டில் இடதை வலதுக்கு மேல் போடுவது ஒன்று. ஒவ்வொரு ஜோடியிலும் வலதை இடதுக்கு மேல் போட்டு முறுக்குவது இன்னொன்று. இலையும் பூவும் வலையும் எல்லாம் இந்த இரண்டின் கணக்குதான். துளையிட்ட அட்டையைத் தலையணைமேல் வைத்து, நூல் சேருகிற இடத்துத் துளையில் குண்டூசி குத்திக்கொண்டே போக வேண்டும். வேலை முடிந்து ஊசியை எடுத்தால் லேஸ் தானாக நிற்கும். முதல் மாதம் ஆறு ஜோடிக்கு மேல் போகாதீர்கள். நான் ஓய்வு பெற்ற புதிதில் வீராப்பாகப் பன்னிரண்டு ஜோடியில் தொடங்கி, சிலந்தி வலையில் விழுந்த பூச்சி மாதிரி ஆகிவிட்டேன். வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

பருத்தி நூலே வாங்குங்கள், பளபளப்பு நூல் வழுக்கும். குண்டூசியில் மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். நம் பக்கத்துக் கடல் காற்றுக்குச் சாதா ஊசி நாலு நாளில் துருப்பிடித்து வெள்ளை நூலில் கறை ஏற்றிவிடும், அந்தக் கறை போகவே போகாது. ஆச்சி பித்தளை ஊசிதான் வைத்திருந்தார், பழைய பவுடர் டப்பாவில். வேலை முடிந்ததும் எண்ணித்தான் உள்ளே போடுவார். ஒன்று குறைந்தாலும் பேரப்பிள்ளைகள் யாரும் வெறுங்காலோடு தரையில் நடக்கக் கூடாது.