லோடர், பேக்ஹோ, பின்பக்க எடை: சின்ன டிராக்டர் கேள்வி பதில்

வட கரோலைனாவில் ஏழு ஏக்கர் செம்மண் நிலமும் ஒரு 24 எச்பி டிராக்டரும் வைத்திருக்கிறேன். முன்னால் மண் அள்ளித் தூக்கும் லோடர், பின்னால் பள்ளம் தோண்டும் பேக்ஹோ. மீட்டர் 640 மணி நேரம் காட்டுகிறது. நான் மெக்கானிக் இல்லை, விற்பவனும் இல்லை. பகலில் கணினி வேலை, சாயங்காலம் மண் வேலை. நிலத்தோடு வீடு வாங்கும் நம்மவர்கள் அதே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்பதால் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் பதில் சொல்லிவிடுகிறேன்.

ஒஹாயோவிலிருந்து: அண்ணா, மூன்று ஏக்கரோடு வீடு வாங்கியிருக்கிறோம். டிராக்டர் எடுக்கப் போனால், பேக்ஹோவும் சேர்த்து எடுங்கள் என்கிறார்கள். தேவையா?

அடுத்த இரண்டு வருடத்தில் என்னென்ன தோண்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பாதித் தாளாவது நிரம்பினால் எடுங்கள். என் 640 மணி நேரத்தில் பேக்ஹோ ஓடியது நூறைத் தாண்டாது. அதிலும் முக்கால்வாசி முதல் இரண்டு வருடத்தில் முடிந்துவிட்டது: ஷெட்டுக்குத் தண்ணீர்க் குழாய், மழைநீர் வடிகால், பதினோரு மரத்தின் அடிக்கட்டை. லோடர் அப்படியில்லை. ஜல்லி, விறகு, உரம், பனி என்று வாரம் தவறாமல் அதற்கு வேலை இருக்கும்.

ஒன்றிரண்டு வாரக்கடைசியில் முடிகிற வேலை என்றால் மினி எக்ஸ்கவேட்டரை வாடகைக்கு எடுங்கள். இரண்டு டன் வண்டி நம்முடையதைவிட வேகமாகத் தோண்டும், முழு வட்டமும் சுழலும். நம் பேக்ஹோவின் ஒரே பெருமை, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குத் தோன்றினால் ஆறரைக்குத் தோண்டிக்கொண்டிருக்கலாம் என்பதுதான்.

வாங்குவதானால் டிராக்டரோடு சேர்த்தே வாங்குங்கள். பின்னாளில் தனியாக வாங்கினால் அதை மாட்டும் அடிச்சட்டத்துக்கும் சேர்த்து அழ வேண்டும். கலப்பை மாட்டுகிற மூன்று புள்ளி இணைப்பிலேயே தொங்கவிடும் மலிவு பேக்ஹோ பக்கம் போகாதீர்கள். தோண்டும் விசை முழுவதும் பின் அச்சுக் கூட்டில் இறங்கும். அது அந்த வேலைக்கு வார்த்த இரும்பு அல்ல.

டெக்ஸாஸிலிருந்து: எல்லாக் கம்பெனியிலும் 24, 24.5, 24.8 எச்பி என்றே நிற்கிறதே, அது என்ன கணக்கு?

புகைக் கணக்கு. அமெரிக்காவின் டையர் 4 (Tier 4) என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 19 கிலோவாட்டுக்கு, அதாவது ஏறக்குறைய 25 எச்பிக்கு, மேலே போனால் கரித்துகள் அளவு மிகவும் இறுக்கமாகிறது. அதற்காகப் பெரும்பாலான கம்பெனிகள் புகைக்குழாயில் டிபிஎஃப் என்ற வடிகட்டி வைக்கின்றன. அது நிரம்பும்போதெல்லாம் இன்ஜினை அதிக வேகத்தில் ஓடவிட்டு, சேர்ந்த கரியை எரித்துத் தள்ள வேண்டும். வயலில் நாள் முழுக்க உழுகிறவருக்கு அது பெரிய விஷயமில்லை. இருபது நிமிடம் ஓட்டி நிறுத்துகிற நமக்கு, எரிப்பதைப் பாதியில் நிறுத்தி நிறுத்தித் தலைவலி ஆகிவிடும். அதனால்தான் 25க்குக் கீழே இவ்வளவு கூட்டம். மூன்று, ஐந்து ஏக்கருக்கு அந்த எச்பி போதும். உங்களுக்குக் குறையப் போவது இன்ஜின் பலம் அல்ல, வண்டியின் எடை.

ஜார்ஜியாவிலிருந்து: லோடர் 700 பவுண்டுக்கு மேல் தூக்கும் என்று போட்டிருக்கிறது. எனக்கு ஒரு பாறையைக் கூட அசைக்கவில்லை. வண்டியில் கோளாறா?

கோளாறு விளம்பரத் தாளைப் படித்த விதத்தில். லோடர் கையில் பக்கெட்டைக் கோத்திருக்கும் இரும்பு ஆணியிலேயே (pin) எடையைத் தொங்கவிட்டு எடுத்த கணக்கு பெரிய எழுத்தில் இருக்கும். அதற்கு அரை மீட்டர் முன்னால் வைத்து எடுத்த கணக்கு சின்ன எழுத்தில் இருக்கும். நம் சுமை உட்காருவது அந்தச் சின்ன எழுத்தில்தான். குழந்தையை மார்போடு அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

மண்ணின் எடையும் நாம் நினைப்பதைவிட அதிகம். ஈர மண் ஒரு கன அடி நூறு பவுண்டுக்கு மேல். நான்கடி அகல பக்கெட்டில் ஐந்து கன அடி பிடிக்கும், குவித்து அள்ளினால் இன்னும் கூட. ஆக, ஒவ்வொரு அள்ளலும் ஐந்நூறு அறுநூறு பவுண்டு. போன வருடம் ஒருவர் கான்கிரீட் மூட்டையைப் பலகையோடு இறக்கலாம் என்று லாரியை வரவழைத்துவிட்டார். 80 பவுண்டு மூட்டை 42 என்றால் 3,360 பவுண்டு. ஆறு ஆறு மூட்டையாக இறக்கி முடிக்க இருட்டிவிட்டது. லாரிக்காரர் முகம் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள்.

அதே ஜார்ஜியா நண்பர்: பேக்ஹோவைக் கழற்றி வைத்துவிட்டால் லோடருக்கு இலகுவாக இருக்காதா?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் எழுத உட்கார்ந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வருடம் நானும் அப்படித்தான் நினைத்தேன். புல் வெட்டுவதற்காக பேக்ஹோவைக் கழற்றி ஷெட்டில் நிறுத்தியிருந்தேன். வேலியோரம் ஒரு கல் கிடந்தது, அதையும் எடுத்துவிடலாமே என்று லோடரில் அள்ளி, சரிவில் இறங்கினேன். டூ வீல் டிரைவில் இருந்தது. பத்தடி போனதும் சீட்டுக்குக் கீழே எதுவுமே இல்லாததுபோல் ஒரு லேசான உணர்வு. பின் சக்கரம் இரண்டும் தரையைத் தொட்டும் தொடாமலும் வருகின்றன. பிரேக்கை மிதித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஆகாது. பெரும்பாலான சின்ன டிராக்டர்களில் பிரேக் பின் அச்சில் மட்டும்தான். பெடலை விட்டால் வண்டியைப் பிடித்து நிறுத்தும் ஹைட்ரோஸ்டாட்டிக் கியரும், டூ வீலில் இருக்கும்போது பின் சக்கரம் வழியாகத்தான் பிடிக்கும். பின் சக்கரத்துக்குத் தரையே இல்லை என்றால் உங்களிடம் பிரேக்கே இல்லை. பக்கெட்டைச் சட்டென்று தரைக்கு இறக்கினேன், அது மண்ணில் குத்தி வண்டி நின்றது. கல் இன்னும் அதே இடத்தில்தான் கிடக்கிறது. எடுக்க மனசில்லை.

பேக்ஹோ மாட்டியிருக்கும்போது அதன் ஐந்நூறு அறுநூறு பவுண்டும் பின்னால் தராசுத் தட்டில் எதிர்க்கல்லாக உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழற்றினால் அந்த இடத்தில் வேறு எடை வேண்டும்: மண்ணைச் சமப்படுத்தும் பாக்ஸ் பிளேடு, கான்கிரீட் ஊற்றிய பீப்பாய், எதுவானாலும் சரி. பின் டயரில் திரவம் நிரப்புவதும் நல்லது. ஆனால் அது மட்டும் போதாது, முன் அச்சின் சுமையை அது கொஞ்சமும் குறைக்காது. லோடரில் சுமை இருந்தால் சரிவில் எப்போதும் ஃபோர் வீல். பக்கெட் முழங்காலுக்குக் கீழே. சரிவுக்குக் குறுக்கே ஓட்டாமல் நேராக ஏறி நேராக இறங்குங்கள்.

வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் ரோல் பார் நிமிர்ந்திருந்தால் பெல்ட் கட்டாயம். ஷெட்டுக்குள் நுழைக்க மடக்கிவிட்டால் அப்போது பெல்ட் கூடாது, கவிழ்ந்தால் வண்டியோடு சேர்த்துக் கட்டிவிடும். வெளியே வந்ததும் நிமிர்த்துங்கள்.

வர்ஜீனியாவிலிருந்து: ஓக் மரத்தின் அடிக்கட்டையை பேக்ஹோவால் எடுக்க முடியுமா? இரண்டு நாளாக முட்டிக்கொண்டிருக்கிறேன்.

மரத்தை அறுக்கும்போது தரையோடு அறுத்திருப்பீர்கள், அதுதான் தவறு. நாலடி விட்டு அறுத்தால் பிறகு தள்ளுவதற்கு அதுவே நெம்புகோல். இப்போது அது இல்லை, சரி. கட்டையை மறந்துவிடுங்கள், வேரைப் பாருங்கள். கட்டையிலிருந்து இரண்டடி தள்ளிச் சுற்றிலும் அகழி எடுங்கள். கையளவு வேர் வந்தால் பேக்ஹோ பக்கெட்டின் பல்லை அதன் அடியில் கொடுத்து நேராகச் சுருட்டி இழுத்து அறுங்கள். அறவில்லை என்றால் பழைய கோடாரி. நல்ல செயின்சாவை மண்ணுக்குள் விடாதீர்கள். மூன்று பக்கம் அறுந்த பிறகுதான் கட்டை தலையாட்டும். பக்கவாட்டில் ஆட்டி வேரை உடைக்காதீர்கள். பேக்ஹோ சுழலும் இடத்து இரும்பு ஆணியும் புஷ்ஷும் மண் கொட்டச் செய்தவை, அடிக்க அல்ல. பதினைந்து அங்குல ஓக் ஒன்றுக்கு எனக்கு ஒரு முழு மதியம் ஆகும்.

தோண்டத் தொடங்குவதற்கு முன்: வண்டியைத் தாங்கும் இரண்டு ஸ்டெபிலைசர் காலையும் இறக்கிப் பின் சக்கரத்தின் பாரத்தை எடுத்துவிட்டு, முன் பக்கெட்டையும் தரையில் அழுத்தி வையுங்கள். மண் களியாக இருந்தால் காலுக்கடியில் பலகை. லீவரைத் தரையில் நின்றபடி எட்டித் தொடவே கூடாது. பேக்ஹோவின் கை சுழலும் இடத்துக்கும் டிராக்டருக்கும் நடுவே ஓர் ஆள் நசுங்க ஒரு நொடி போதும்.

அதே வர்ஜீனியா: தோண்டுவதற்கு முன் அனுமதி ஏதாவது வாங்க வேண்டுமா?

மண்ணுக்கடியில் போகும் குழாய், கம்பிகளைக் குறித்துத் தரச் சொல்லி 811 என்ற எண்ணுக்கு அழையுங்கள், செலவில்லை. சில வேலை நாட்களில் வந்து தரையில் வண்ணம் அடித்துவிட்டுப் போவார்கள். சிவப்பு மின்சாரம், மஞ்சள் எரிவாயு, நீலம் தண்ணீர், ஆரஞ்சு கேபிள், பச்சை சாக்கடை. ஆனால் மீட்டருக்கு இந்தப் பக்கம் இருப்பது உங்கள் சொந்தக் குழாய், அதை அவர்கள் குறிக்க மாட்டார்கள். ஷெட்டுக்கு நானே போட்ட தண்ணீர்க் குழாயை மூன்று வருடம் கழித்து நானே உடைத்தேன். இப்போது புதைக்கும் ஒவ்வொன்றையும் மூடுவதற்கு முன் டேப் வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறேன்.

ஆழப் பள்ளத்துக்குள் இறங்காதீர்கள். பணியிடங்களில் ஐந்தடியும் அதற்கு மேலும் ஆழமான பள்ளத்துக்குத் தடுப்பு வேண்டும் என்பது அமெரிக்க விதி. ஒரு கன கஜம் மண் சரிந்தால் 3,000 பவுண்டு அளவு. நம் வீட்டில் விதி கேட்க யாரும் வரமாட்டார்கள், ஆனால் மண்ணுக்கு அது தெரியாது.

நியூஜெர்சியிலிருந்து: பையன் பக்கெட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று வரவேண்டும் என்கிறான். மெதுவாகப் போனால் பரவாயில்லையா?

கூடாது. மடியிலும் கூடாது, மட்கார்டிலும் கூடாது. நான் ஊரில் அப்பாவின் மாசி ஃபெர்குசன் மட்கார்டில் உட்கார்ந்துதான் வளர்ந்தேன். விழாமல் வளர்ந்தது அதிர்ஷ்டம்.

மிச்சிகனிலிருந்து: பராமரிப்பு எவ்வளவு பிடிக்கும்? எண்ணெய் மாற்றுவது தவிர?

கிரீஸ். பத்து மணி நேரத்துக்கு ஒருமுறை லோடரிலும் பேக்ஹோவிலும் கிரீஸ் ஏற்றும் எல்லா நிப்பிளுக்கும். அடைத்துக்கொண்ட ஒரு நிப்பிளை விட்டுவிட்டுப் போனால், ஆறு மாதம் கழித்து அந்த இடத்து இரும்பு ஆணி கறகறவென்று பேச ஆரம்பிக்கும். புது வண்டியில் முதல் 50 மணி நேர சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். கியரும் பல்லும் பழகும்போது உதிரும் இரும்புப் பொடி முழுக்க அந்த முதல் ஃபில்டரில்தான் இருக்கும். முதல் சில மணி நேரத்திலேயே சக்கர நட்டுகளையும் முறுக்கிப் பாருங்கள்.

ஹைட்ராலிக் ஹோஸ் கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலிகூடப் பெரிதாக இருக்காது, ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலே போகும். அட்டைத்துண்டைக் காட்டிப் பாருங்கள், எங்கே நனைகிறதோ அங்கே கசிவு. உங்கள் ஊர்க் குளிரில் டீசலும் உறையும். உறைவதைத் தடுக்கும் மருந்தைக் குளிருக்கு முன்பே ஊற்ற வேண்டும், உறைந்த பின் ஊற்றிப் பயனில்லை.

பொள்ளாச்சியிலிருந்து: சார், அப்பாவுக்கு நாலு ஏக்கர் தென்னை. நீங்கள் சொல்லும் வண்டி இங்கே வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. அங்கே லோடரும் பேக்ஹோவும் பெரும்பாலும் 45, 50 எச்பி டிராக்டரில்தான் மாட்டுகிறார்கள். தோப்புக்குள் வரிசைக்கு நடுவே ஓட்ட 24, 27 எச்பி மினி டிராக்டரும் ரோட்டவேட்டரும் அருமையாக இருக்கும். தோண்டுவதற்கு ஜேசிபி இருக்கிறதே! 1979லிருந்து ஹரியானாவின் பல்லப்கரில் செய்து செய்து, எந்தக் கம்பெனி வண்டி வந்தாலும் நாம் ஜேசிபி என்றே கூப்பிடும் அளவுக்குப் பழகிவிட்டது. 25க்கு 25 அடியில் தென்னை வைத்தால் ஏக்கருக்கு 70 குழி, மூன்றடிக்கு மூன்றடி, ஆழமும் மூன்றடி. மணிக்கூலிக்கு வண்டி கூப்பிட்டு முடித்துவிடலாம். வேளாண்மைப் பொறியியல் துறையும் இயந்திரங்களை மணி வாடகைக்கு விடுகிறது, விசாரித்துப் பாருங்கள். கூலிக்கு ஆளும் வண்டியும் கூப்பிட்ட நேரத்தில் கிடைக்காத ஊரில்தான் நான் இதைச் சொந்தமாக வைத்திருக்கிறேன்.

டென்னசியிலிருந்து: டிசம்பரில் மூன்று மாதம் ஊருக்குப் போகிறோம். வண்டியை எப்படி விட்டுப் போவது?

டீசலை முழுசாக நிரப்புங்கள், காலியிடம் இருந்தால் உள்ளே நீர் கோர்க்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பக்கெட்டைப் பலகைமேல் இறக்கி வையுங்கள், சிலிண்டர் தண்டுகள் எவ்வளவு உள்ளே போகுமோ அவ்வளவு உள்ளே. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பளபளப்புக்கு மெல்ல கிரீஸ் தடவுங்கள், துரு பிடித்தால் சீல் போய்விடும்.

எலிதான் உண்மையான எதிரி. வந்ததும் சாவியைத் திருப்பாமல் முதலில் காற்று ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கள். போன முறை நாங்கள் மதுரையிலிருந்து திரும்பி வந்தபோது என் பெட்டிக்குள் ஓக் கொட்டைகள் ஒரு படி இருந்தன. ஒவ்வொன்றும் தொப்பி கழற்றி, சுத்தம் செய்து, வரிசையாக அடுக்கியிருந்தது.