மோட்டார் எத்தனை, வேன் எத்தனை?

வாசகர் கேள்வி–பதில்: தோட்டப் பட்டணத் திரையரங்குகள்

கேள்வி: ஈப்போவிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில் 280 இருக்கை கொண்ட ஒற்றைத் திரை அரங்கு நடத்துகிறோம். பெரிய நடிகர் படம் ஒன்று வெள்ளி, சனி இரண்டு நாளும் நிறைந்து ஓடியது. திங்கட்கிழமை இரவுக் காட்சிக்கு 14 பேர். கோலாலம்பூரில் அதே படம் மூன்றாவது வாரம் ஓடுகிறது. அதற்கு முன் ஒரு குடும்பப் படத்தை, நடிகர் யாரென்றே தெரியவில்லை என்று தள்ளிவிட்டோம். பக்கத்து ஊரில் அது நன்றாக ஓடியது. எங்கள் ஊருக்கு எது எடுபடும் என்று முன்கூட்டியே எப்படிக் கணிப்பது? — அரங்கு உரிமையாளர், பேரா

பதில்: வெள்ளி, சனி நிறைந்ததை வெற்றிக் கணக்கில் எழுதாதீர்கள். அது நடிகருக்கு வந்த கூட்டம். படத்துக்கு வரும் கூட்டம் ஞாயிறு மாலைக்கு மேல்தான் தலைகாட்டும். ரசிகர் மன்றத்துப் பிள்ளைகள் முதல் காட்சிக்கு மொத்தமாக எடுக்கும் டிக்கெட்டுகளையும் தனியாக எழுதுங்கள். படம் எப்படி இருந்தாலும் அவர்கள் வருவார்கள், மறுநாள் வரமாட்டார்கள்.

தலைநகரத்து நிலவரம் உங்களுக்கு உதவாததற்குக் காரணம் ரசனை இல்லை, தலைக்கணக்கு. அங்கே இளைஞர்கள் மட்டுமே வந்தாலும் ஒரு படம் மூன்று வாரம் தாங்கும். உங்கள் வட்டாரத்தில் முதல் வாரமே தியேட்டருக்கு ஓடிவரும் இளைஞர்கள் 600 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 280 இருக்கையில் மூன்று காட்சி ஓட்டுவதற்குள் அவர்கள் தீர்ந்துபோவார்கள். நான்காவது காட்சிக்கு அம்மா வர வேண்டும், பாட்டி வர வேண்டும், பிள்ளைகள் வர வேண்டும். ஒற்றைத் திரைக்காரர் ஒவ்வொரு படத்தைப் பற்றியும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: நான்காவது காட்சிக்கு யார் வருவார்கள்?

இதை அறிய செலவில்லாத வழி ஒன்று உண்டு. முதல் சனிக்கிழமை மாலைக் காட்சி தொடங்கிப் பத்து நிமிடம் கழித்து வாசலுக்குப் போய் வண்டிகளை எண்ணுங்கள். 70 மோட்டாரும் 10 காரும் நின்றால், உள்ளே கூட்டம் எவ்வளவு இருந்தாலும் திங்கட்கிழமை காலியாகத்தான் இருக்கும். 20 மோட்டாரும் 35 காரும், அதில் பாதி அல்சா மாதிரி ஏழு பேர் ஏறும் வண்டியும் என்றால், அரங்கு பாதி நிறைந்திருந்தாலும் படத்தைத் தூக்காதீர்கள். அந்த வண்டியில் வந்த பாட்டி ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நாலு பேரிடம் சொல்வார். அதற்கு மேல் விளம்பரம் எதற்கு?

படத்தை ஒப்புக்கொள்ளும் முன் விநியோகிப்பாளரிடம் கேட்க வேண்டியவை உண்டு. முதலில் தணிக்கை வாரியம் என்ன பிரிவு கொடுத்திருக்கிறது? யு (எல்லா வயதினரும்), பி12 (12 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் துணை) என்றால் குடும்பம் வரலாம். 13, 16 அல்லது 18 என்றால் அந்த வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை உள்ளே விட முடியாது. பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுத் தாய் வரமாட்டார், ஆகவே ஒரு டிக்கெட் இல்லை, நான்கு டிக்கெட் போகிறது. முடிவு வரவில்லை என்று பதில் வந்தால், வெட்டுக்குத்து நிறைந்த படத்தை 18 என்றே எண்ணி விலை பேசுங்கள். அடுத்து நீளம். 2 மணி 50 நிமிடப் படத்தை இரவு 9 மணிக்குப் போட்டால் இடைவேளையோடு நள்ளிரவைத் தாண்டும். விடிவதற்குள் ரப்பர் பால் வெட்டக் கிளம்புகிறவரும், காலை 7 மணி ஷிப்டுக்குத் தொழிற்சாலை பஸ் பிடிக்கிறவரும் வார நாளில் அதற்கு வரமாட்டார்கள். அப்படிப்பட்ட படத்துக்கு வார நாளில் 4 மணிக் காட்சியும் 7.30 காட்சியும் போதும். 3 மணிக்கு ஷிப்ட் முடிந்தவர்கள் 4 மணிக்கு வருவார்கள்.

பிறகு கதை. கதை மதுரையில் நடக்கிறதா, மும்பையிலா என்பது பெரிதில்லை. கதைக்குள் ஒரு வீடு இருக்கிறதா? சோறு போடுகிற ஒருவர், கோபித்துக்கொண்டு வெளியேறும் ஒருவர், திரும்பி வரும் ஒருவர் இருக்கிறார்களா? இருந்தால் நடிகர் பெயர் தெரியாவிட்டாலும் துணிந்து போடலாம். நீங்கள் தள்ளிவிட்ட படம் அந்த வகையாகத்தான் இருந்திருக்கும். கதாநாயகன் கடைசியில் சாகும் படம் மட்டும் எச்சரிக்கை. நல்ல படமாகவே இருந்தாலும் இரண்டாம் முறை பார்க்க யாரும் வருவதில்லை.

இன்னொன்று. தோட்டப்புறக் கூட்டம் என்று நாம் சொல்வது பழைய கணக்கு. லயத்தில் இருந்த நம் குடும்பங்கள் பெரும்பாலும் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்துவிட்டன. தோட்டத்தில் இன்று வேலை செய்பவர்களில் பெரும் பகுதியினர் இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்தவர்கள். ஞாயிறு பிற்பகல் 2 மணிக் காட்சிக்கு அவர்களும், மலாய் இளைஞர்களும் வருகிற ஊர்கள் உண்டு. சண்டையும் ஆட்டமும் உள்ள படத்துக்கு அந்த ஒரு காட்சி தனியாக நிறையும். அதைக் குடும்பக் கூட்டத்தோடு சேர்த்து எண்ணினால் கணிப்பு தவறிவிடும்.

தூக்குவதா, வைப்பதா என்பதற்கு ஓர் அளவு: திங்கள் இரவுக் கூட்டம் ஞாயிறு இரவில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் இரண்டாம் வாரம் கேளுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இறங்கினால் அடுத்த படத்துக்கு அன்றே பேசுங்கள். இது கைக்கணக்குதான். உங்கள் ஊரின் பத்துப் படங்களை எழுதி வைத்தால் உங்களுக்கென்று ஓர் அளவு கிடைக்கும். நோட்டில் காட்சி வாரியாக டிக்கெட், வண்டி எண்ணிக்கை, மழை, ஊரில் அன்று என்ன விசேஷம், இந்த நான்கும் போதும்.

கேள்வி: எந்த வாரத்தில் எந்தப் படம்? செம்பனைத் தோட்டங்கள் சூழ்ந்த ஊர். — கீழ்ப் பேராவிலிருந்து

பதில்: சம்பள நாளிலிருந்து தொடங்குங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் பணம் கைக்கு வந்தாக வேண்டும். மாதச் சம்பளக்காரர் என்றால் 7-ஆம் தேதிக்குள். அதற்கடுத்த இரண்டு வார இறுதிகள்தான் குடும்பக் கூட்டத்துக்கு. ஐந்து பேர் குடும்பத்துக்கு டிக்கெட், தின்பண்டம், பெட்ரோல் எல்லாம் சேர்ந்து நூறு ரிங்கிட் ஓடிவிடும். அதை 25-ஆம் தேதிக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். மாதக் கடைசியில் இளைஞர் படம் போடலாம், அவர்கள் கடன் வாங்கியாவது வருவார்கள்.

ரப்பர் உள்ள ஊர்களில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மரம் இலையுதிர்க்கும், பால் குறையும், கையில் காசும் குறையும். மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மழையில் வெட்டு நாள்கள் போகும். செம்பனைக்கு இந்த அடி அவ்வளவு இல்லை, ஆகவே உங்கள் ஊர் ஓரளவு தப்பிக்கும்.

பசார் மாலாம் எனும் இரவுச் சந்தை நடக்கும் நாளில் 7.30 காட்சி படுக்கும். அன்றைக்கு அதைத் தூக்கிவிட்டு 9.15-க்கு ஒரே காட்சி வையுங்கள். சந்தை முடிந்து பை நிறையப் பொருளோடு வருவார்கள், பையை வைக்க இடம் கொடுங்கள். தோட்டத்து மாரியம்மன் திருவிழா, தீமிதி நாள்களை ஆலயத் தலைவர்களிடம் கேட்டு ஆண்டுத் தொடக்கத்திலேயே நாள்காட்டியில் குறியுங்கள். தைப்பூச வாரத்தில் புதுப் படம் எடுக்க வேண்டாம், விரதக்காரர் வீட்டில் மற்றவர்களும் அடங்கித்தான் இருப்பார்கள். தீபாவளியன்று காலை, மதியம் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்கே நேரம் சரியாக இருக்கும். அன்று இரவும் மறுநாள் முழுவதும்தான் உங்களுடையவை.

கேள்வி: ட்ரெய்லர் பார்வை எண்ணிக்கையை நம்பலாமா? — பகாவ்

பதில்: கூடாது. அது உலகம் முழுவதும் பார்த்தது. உங்கள் ஊர் முடிதிருத்தும் கடையில் அந்தப் பாட்டு ஓடுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: வெளியீட்டு நாள் காலை 11 மணிக் காட்சி. படம் சர்வரில் ஏறிவிட்டது, சாவியும் வந்துவிட்டது, ஆனால் திறக்கவில்லை. 120 பேருக்குப் பணம் திருப்பித் தந்தோம். எங்கே தவறு? — கெடா

பதில்: மூன்று இடங்களில் ஒன்று. சாவி என்பது, அதாவது படத்தின் பூட்டைத் திறக்கும் கேடிஎம் என்ற மின்கோப்பு, உங்கள் சர்வருக்கென்றே செய்யப்பட்டது. தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் அதற்குள் எழுதியிருக்கும். அந்த நேரத்தை உலகப் பொது நேரத்தில் கொடுத்திருந்தால் நம் நேரம் அதற்கு 8 மணி கூட. காலை 10 மணி என்று நினைத்துப் போட்டது நமக்கு மாலை 6 மணிக்குத்தான் திறக்கும். இந்திய நேரம் என்றால் வித்தியாசம் இரண்டரை மணி. சாவி வந்த உடனே சர்வரில் ஏற்றித் தொடக்க நேரத்தைப் பாருங்கள், முந்தின நாளே திருத்தி வாங்கலாம்.

இரண்டாவது, பதிப்பு. சாவி ஒரு குறிப்பிட்ட பதிப்புக்கு மட்டும்தான். வட்டில் இந்தியப் பதிப்பும் நம் தணிக்கைப் பதிப்பும் சேர்ந்து வந்து, நீங்கள் இந்தியப் பதிப்பைப் பட்டியலில் போட்டிருந்தால் திறக்காது. கோப்பின் பெயரைப் படிக்கப் பழகுங்கள். டிஏ–எம்எஸ் என்றால் தமிழ்ப் பேச்சு, மலாய்த் துணைவரி. டிஏ–எக்ஸ்எக்ஸ் என்றால் துணைவரி இல்லை. எஸ் என்றால் ஸ்கோப் (அகலத் திரைப் படம்), எஃப் என்றால் ஃபிளாட் (அகலம் குறைந்த படம்). மூன்றாவது, சர்வரின் மீடியா பிளாக்கை, அதாவது படத்தின் பூட்டைத் திறக்கும் பாகத்தை, அண்மையில் மாற்றியிருந்தால் அதன் மின்னணுச் சான்றிதழும் மாறியிருக்கும். புதியதை விநியோகிப்பாளருக்கு அனுப்பாதவரை வருகிற சாவி எல்லாம் பழைய பூட்டுக்கே வரும்.

படம் ஏற்றுவதையும் கடைசி நேரத்துக்கு வைக்காதீர்கள். 200 ஜிகாபைட் படம், பழைய யுஎஸ்பி வழியில் நொடிக்கு 30 மெகாபைட் போனால் ஏறக்குறைய 1 மணி 50 நிமிடம். ஏறிய பிறகு தொடக்கம், இடைவேளைக்குப் பின், கடைசி என்று மூன்று இடத்தில் ஐந்தைந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள். துணைவரி தெரிகிறதா, பின்பக்க ஒலிபெருக்கி பேசுகிறதா என்பது அதில் தெரிந்துவிடும்.

கேள்வி: சத்தம் அதிகம் என்று வயதானவர்கள் எழுந்து போகிறார்கள். குறைத்தால் வசனம் கேட்கவில்லை என்கிறார்கள். — கோலசிலாங்கூர் வட்டாரம்

பதில்: ஒலிச் செயலியில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர் 7-இல் இருப்பதுதான் நிலையான அளவு. டால்பி செயலியில் 4-க்கு மேல் ஒவ்வோர் எண்ணும் 3.3 டெசிபெல். 7-இலிருந்து 5.5-க்கு இறக்கினால் 5 டெசிபெல் குறையும். குடும்பக் காட்சிக்கு அது போதும், வசனமும் தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் குறை ஃபேடரில் இல்லை, திரைக்குப் பின்னால் நடுவில் உள்ள ஒலிபெருக்கியில். அதன் மேல்பகுதிக் கூம்பில் ஒலி எழுப்பும் டிரைவர் என்ற பாகம் செத்திருந்தால் ச, ஸ ஒலிகள் மழுங்கும், பேச்சு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். திரைக்குப் பின்னால் போய்க் காதை வைத்துப் பாருங்கள். திரையின் நுண்துளைகளில் தூசி அடைத்திருந்தாலும் இதேதான். பல ஆண்டுகள் சுத்தம் செய்யாத திரை என்றால் அதையே முதலில் சந்தேகியுங்கள்.

கேள்வி: பேய்ப் படம்? — தாப்பா

பதில்: போடுங்கள். சிரிப்பும் கலந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். இரவுக் காட்சிக்குக் குடும்பமே ஒரே வரிசையில் உட்காரும், மலாய்க்காரர்களும் வருவார்கள். சாமி கும்பிடும் முறையைக் கேலி செய்யும் காட்சி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நம் நாட்டுத் தமிழ்ப் படங்களை ஒரே வாரத்தில் தூக்கிவிடுகிறீர்களே, பார்ப்பதற்குள் போய்விடுகிறது. — ஒரு ரசிகை, சிரம்பான்

பதில்: கணக்கைச் சொல்கிறோம், நீங்களே பாருங்கள். டிக்கெட் 15 ரிங்கிட், அதில் கேளிக்கை வரி 3 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 12-இல் பாதி விநியோகிப்பாளருக்கு. அரங்குக்கு 6. ஏர்கோன், மின்சாரம், ஆள் கூலி, விளக்குத் தேய்மானம் சேர்த்து ஒரு காட்சிக்கு 240 ரிங்கிட் என்றால் 40 பேர் வந்தால்தான் கையைக் கடிக்காது. உள்ளூர்ப் படத்துக்கு முதல் நாள் 25 பேர்தான் வருவார்கள், பேச்சு பரவ ஏழெட்டு நாள் ஆகும். பரவுவதற்குள் படம் போய்விடுகிறது என்பது உண்மைதான்.

தவறு அரங்குகள் பக்கமும் உண்டு. இத்தகைய படத்தை நாளைக்கு நான்கு காட்சி போட்டு மூன்றைக் காலியாக ஓட்டுவதைவிட, மாலை ஒரே காட்சியாக மூன்று வாரம் வைக்கலாம். சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வந்த ‘ஜகாட்’ 28-ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பத்தின் கதை. தோட்டப் பட்டணத்தில் அதற்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது, அவர்களை வரவழைக்கும் நேரத்தைத்தான் கொடுக்க வேண்டும்.

கேள்வி: இடைவேளை விடுவதா வேண்டாமா? விட்டால் எவ்வளவு நேரம்? — பெயர் வேண்டாம்

பதில்: விடுங்கள். இரண்டே முக்கால் மணி நேரம் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள், பாட்டிக்குக் கழிப்பறை வேண்டும். திரையில் இடைவேளை அட்டை வரும் நேரத்தைக் குறித்து, சர்வர் பட்டியலில் அந்த இடத்தில் நிறுத்தமும் விளக்கு ஏற்றமும் வையுங்கள். புரொஜெக்டரின் ஒளி மறைப்பை மட்டும் மூடுங்கள், செனான் விளக்கை அணைக்காதீர்கள். ஒவ்வொரு முறை மூட்டும்போதும் அதன் ஆயுள் குறையும்.

15 நிமிடம் விட்டாலும், ஒரு கவுன்டரில் ஆளுக்கு 35 நொடி என்றால் 25 பேருக்குத்தான் விற்க முடியும். ஆகவே கச்சாங் பூத்தேயும் முறுக்கும் அளந்து கொடுக்கும் வேலையே வேண்டாம். 2 ரிங்கிட், 5 ரிங்கிட் பொட்டலங்களாக முன்கூட்டியே கட்டி, சில்லறை தேவைப்படாத விலையில், இரண்டு மேசையில் வையுங்கள். காகிதச் சுருளில் கட்டுங்கள். பிளாஸ்டிக் பை இரண்டாம் பாதி முழுவதும் சலசலக்கும், அம்மா அழும் காட்சியில்தான் சரியாக யாராவது கையை விடுவார்கள்.