தறி ஓடும் கை

கோவையில் 24 ஆண்டுகள் டயாலிசிஸ் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்ற செவிலியர் வாசகர் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடித்திருக்கிறேன். ஈரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். "மெஷினைப் பார்த்துக்கொள்ள டெக்னீசியன் இருக்கிறாரே, உனக்கு அங்கே என்ன வேலை?" என்று அப்பா கேட்கிறார். இரவுப் பணி குறைவு என்பதால் எனக்கு ஆசையாக இருக்கிறது. சேரலாமா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: இரவுப் பணி குறைவு என்பது பாதி உண்மைதான் அம்மணி. விடிந்தும் விடியாமலும் முதல் ஷிஃப்டுக்கு நிற்க வேண்டும். நடுஇரவில் ஒருவர் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து இறங்கினால் உங்களைத்தான் போனில் கூப்பிடுவார்கள். கோபியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வரும் எண்ணம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

அப்பா கேட்பது நியாயம். மெஷினைத் தயார்செய்வது, குழாய் மாட்டுவது, பல இடங்களில் ஊசி குத்துவதுகூட டெக்னீசியன்தான். எனக்கு அந்த ஊசியைக் குத்தக் கற்றுக்கொடுத்ததே என்னைவிட எட்டு வயது இளைய டெக்னீசியன் தம்பிதான். ஆனால் மெஷினில் கோளாறு என்றால் அலாரம் அடிக்கும். படுத்திருக்கும் ஆளுக்கு அலாரம் கிடையாது.

நான் சேர்ந்த முதல் வருடம், மாரியம்மன் நோம்பி முடிந்து வந்த பெரியவர் ஒருவருக்கு எடை நான்கு கிலோ கூடியிருந்தது. அத்தனையும் உடம்பில் தேங்கிய நீர்; மெஷின் அதை இழுத்துக்கொண்டிருந்தது. மூன்றாவது மணி நேரத்தில் கொட்டாவி விட்டார். தூக்கம் போலிருக்கிறது என்று நான் கேஸ் ஷீட் எழுதிக்கொண்டிருந்தேன். இன்னொரு கொட்டாவி. ரத்த அழுத்தம் பார்த்தால் 70! நீர் இழுத்ததில் இறங்கியிருக்கிறது; கொட்டாவி அதன் அறிகுறி. நீர் இழுப்பதை நிறுத்தி, காலைத் தூக்கி வைத்து, சலைன் விட்டேன். "கெண்டைக்கால் இழுக்குது கண்ணு" என்று அவர் முனகியபோதுதான் எனக்கு உயிர் வந்தது. இன்றும் கல்யாண வீட்டில் யாராவது கொட்டாவி விட்டால் என் கை பி.பி. கருவியைத் தேடும்; வீட்டுக்காரர் சிரிப்பார்.

ஃபிஸ்டுலா பற்றிப் படித்திருப்பீர்கள். டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து வைப்பது. விரல் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும்போது நம் வீட்டுச் சுவரில் கை வைத்தால் ஒரு அதிர்வு தெரியுமே, அதுதான். சோமனூர்த் தறிக்காரர் ஒருவருக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன், தினமும் காலையில் தொட்டுப் பாருங்கள் என்று. ஒருநாள், டயாலிசிஸ் இல்லாத நாளில் வந்து நின்றார். "சிஸ்டர், தறி நின்றுவிட்டதுங்க." உள்ளே ரத்தம் உறைந்திருந்தது. அன்றைக்கே சர்ஜனிடம் அனுப்பியதால் ஃபிஸ்டுலா தப்பித்தது. நாள் தள்ளியிருந்தால் கழுத்தில் குழாய் போட்டிருப்பார்கள்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, நான்கு நான்கு மணி நேரம், வருடக்கணக்கில் அதே முகங்கள். பேத்தி சீருக்கு அழைப்பார்கள், மஞ்சள் விலை இறங்கியதைப் புலம்புவார்கள். ஒரு திங்கட்கிழமை கட்டில் காலியாக இருக்கும். அது மட்டும் எனக்குக் கடைசிவரை பழகவில்லை.

சேருங்கள். ரத்தத்தின் வழி தொற்றும் ஈரல் நோயான ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை என்றால் முதல் ஊசியை இந்த வாரமே போடுங்கள். மூன்று தவணையும் முடிய ஆறு மாதம் ஆகும். நேர்முகத்தில் நீங்களும் கேளுங்கள்: ஒரு நர்ஸுக்கு எத்தனை கட்டில்? ஹெபடைடிஸ் பி உள்ளவர்களுக்குத் தனி மெஷின் உண்டா? இரண்டாவதற்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். மூலச் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வோம் என்றாலும் அப்படியே.

கேள்வி: டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் மாமனாருக்குச் சூடு தணிய எங்கள் தோப்பு இளநீர் தினமும் ஒன்று கொடுக்கலாமா?
- வாசகி, ஆனைமலை

பதில்: வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். அதை வெளியேற்றச் சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கு அது ரத்தத்தில் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். பொள்ளாச்சிப் பக்கத்து நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்கள் குலை குலையாகக் கொண்டுவருவார்கள். எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி நாங்கள் நர்ஸுகள் குடித்துத் தீர்த்திருக்கிறோம்.