டூஹனின் விரல்

அன்புள்ள ஐயா,

ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க விண்வெளித் தொலைக்காட்சித் தொடரில் கப்பலின் என்ஜினியர் ஸ்காட்டியாக வந்த ஜேம்ஸ் டூஹனுக்கு வலது கையில் நடுவிரல் கிடையாது என்று அண்மையில்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாம் உலகப்போரில், 1944-இல் பிரான்ஸின் நார்மண்டி கடற்கரையில் நடந்த தரையிறக்கத்தில் ஜெர்மானியரோடு போரிட்டு இழந்தாராம். அப்படிப்பட்ட மாவீரரை ஹாலிவுட் ஒரே வேடத்தில் போட்டு வீணடித்துவிட்டதே! ராணுவ அனுபவம் அவருடைய நடிப்புக்கு எப்படி உதவியது? நம் மேஜர் சுந்தரராஜனோடு அவரை ஒப்பிடலாமா?

ர., கோவை

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஒப்பிட முடியாது. சுந்தரராஜனுக்கு அந்த ‘மேஜர்’ பாலசந்தரின் மேஜர் சந்திரகாந்த் நாடகத்தில் போட்ட வேடத்தால் ஒட்டிக்கொண்டது. பட்டாளத்தால் வந்ததல்ல. நல்ல நடிகர். அவ்வளவுதான்.

இனி அந்த விரலுக்கு வருவோம். ஜெர்மானியர் சுட்டார்கள் என்று எங்கே படித்தீர்கள்? டூஹன் கனடாக்காரர், பீரங்கிப் படையில் லெப்டினன்ட். ஜூன் 6 அன்று நார்மண்டியில் ஜூனோ என்று பெயரிட்ட கடற்கரையில் இறங்கி, டாங்கிகளுக்காக வைத்திருந்த கண்ணிவெடிகள் நிறைந்த மணலைத் தன் ஆட்களோடு கடந்தார். மறைந்திருந்து சுட்ட இரண்டு ஜெர்மானியரை வீழ்த்தினார். பகல் முழுக்க அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரவு பதினொன்றரை மணிவாக்கில் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு நடந்துபோகும்போது, பதற்றத்தில் இருந்த கனடா காவலாளி ஒருவன் பிரென் என்னும் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டுவிட்டான். ஆறு குண்டுகள். நாலு காலில். ஒன்று மார்பில், அண்ணன் தம்பிகளில் ஒருவர் கொடுத்திருந்த வெள்ளி சிகரெட் பெட்டி அதைத் தடுத்தது. ஆறாவது குண்டு விரலைக் கொண்டுபோனது. சுட்டது சொந்தப் படை. அவரே இதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். உங்களுக்குத்தான் அது போதவில்லை.

கோபப்படுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம்தான், ஆனால் உங்கள் மேல் மட்டுமில்லை. எங்கள் சித்தப்பா வேலூர்ப் பக்கத்து மிலிட்டரிக்காரர். 1971-இல் ஜம்முவில் இருந்தார். இடது காலில் இரண்டு விரல் கிடையாது. ராத்திரி விளக்கில்லாமல் ஓட்டிய லாரி கவிழ்ந்து போனவை அவை. ஊருக்கு வந்த மறுவாரமே அது பாகிஸ்தான்காரன் குண்டாகிவிட்டது. ஆரம்பித்துவைத்தது எங்கள் பாட்டி என்பது என் சந்தேகம். பெண் பார்த்துக்கொண்டிருந்த நேரம். சித்தப்பா கொஞ்ச காலம் “லாரிங்க, லாரி” என்று திருத்திப் பார்த்தார். கேட்டவர்கள் முகம் தொங்கிப்போகும். சினிமா பாதியில் நின்றுவிட்ட மாதிரி அவரையே குறை சொல்வது போலப் பார்ப்பார்கள். ஆகஸ்ட் பதினைந்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றக் கூப்பிட்டு, தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் “எதிரியின் குண்டைக் காலில் ஏந்தியவர்” என்றார். சித்தப்பா எழுந்து கொடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தார். அதற்கப்புறம் யாரையும் திருத்தவில்லை. அந்த லாரியில் செத்துப்போன கூட்டாளி ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி ஊரில் ஒரு ஆளும் கேட்டதில்லை. குண்டுக் கதையில் அவருக்கு எங்கே இடம்?

போருக்குப் போகாதவர்களுக்குத்தான் எதிரி சுட்டே ஆகவேண்டும். போனவனுக்கு இருட்டு, தூக்கமின்மை, நம்ம ஆளா அவன் ஆளா என்ற பயம் எல்லாம் தெரியும். டூஹன் அந்தக் காவலாளியைக் கழித்துவிட்டுக் கதை சொல்லவில்லை. நீங்கள் ஏன் கழிக்கிறீர்கள்? மார்பில் பட்ட குண்டையும் சிகரெட் பெட்டியையும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் சொன்ன கதையே நமக்கு ஏராளம்.

நடிப்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். காயம் ஆறியபின் அவர் பீரங்கிப் படைக்காகச் எதிரி நிலைகளை மேலிருந்து பார்த்துச் சொல்லும் சிறிய விமானமும் ஓட்டினார். போர் முடிந்து ஊருக்கு வந்ததும் ஒரு வானொலி நாடகத்தைக் கேட்டு, இதைவிட நன்றாக நான் பேசுவேன் என்று நேரே நிலையத்துக்குப் போய்விட்டார். கனடா வானொலியில் ஆயிரக்கணக்கான நிகழ்ச்சிகள். வானொலியில் விரலை யார் எண்ணப்போகிறார்கள்? ஸ்காட்டிக்கு ஸ்காட்லாந்துப் பேச்சு வேண்டுமென்று சொன்னதே அவர்தான். பல பேச்சுவழக்குகளைப் பேசிக்காட்டி, என்ஜினியர் என்றால் ஸ்காட்லாந்துக்காரன்தான் என்றாராம். தொலைக்காட்சியில் அந்தக் கையை முடிந்தவரை மறைத்துக்கொண்டார். டிரிபிள் என்னும் மயிர்ப்பந்துப் பிராணிகளை அள்ளிக்கொண்டு நிற்கும் காட்சி போன்ற சில இடங்களில் கவனித்தால் தெரியும்.

வீணடித்துவிட்டார்கள் என்கிறீர்கள். 1969-இல் தொடர் நின்றபின் வேலை கிடைக்காமல் அவர் புழுங்கியது உண்மை. நீ செத்தாலும் ஸ்காட்டிதான், அதோடு ஒத்துப்போ என்று அவருடைய பல் டாக்டர் சொன்னாராம், ஒத்துப்போனார். தற்கொலை செய்துகொள்ளப்போவதாகக் கடிதம் போட்ட ரசிகை ஒருத்தியைத் தொலைபேசியில் கூப்பிட்டு, அடுத்த ரசிகர் மாநாட்டுக்கு வா, அதற்கடுத்ததற்கும் வா என்று வரவழைத்துக்கொண்டே இருந்தார். பல வருடம் கழித்து அந்தப் பெண் மின்னணுப் பொறியியலில் மேற்பட்டம் வாங்கிவிட்டதாக எழுதினாள். மில்வாக்கியில் ஒரு பொறியியல் கல்லூரி அவருக்குக் கௌரவப் பட்டம் கொடுத்தது. ஸ்காட்டியைப் பார்த்து என்ஜினியரிங் படிக்க வந்தவர்கள் அங்கே அத்தனை பேர். இதற்குப் பெயர் வீண் என்றால், வீணாகாத நடிகர் ஒருவர் பெயரை நீங்கள்தான் எனக்கு எழுதவேண்டும்.