கியூஆர் இருக்கட்டும், கல்லாவும் இருக்கட்டும்: சிறு வணிகர்களுக்கான கேள்வி பதில்

மலேசியாவில், பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கடை நடத்துபவர்கள் கேட்டவற்றுக்கு, ஜார்ஜ்டவுனில் சிறு வணிகர்களுக்குக் கணக்கு எழுதிவரும் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: லெபோ பாசாரில் பூக்கடை வைத்திருக்கிறேன் ஐயா. இனி கியூஆர் மட்டும் போதும், ரொக்கமே வாங்க வேண்டாம் என்று மகன் வற்புறுத்துகிறான். செய்யலாமா?

பதில்: சில்லறை தேடி அலையும் தொல்லை தீரும் என்று அவர் நினைப்பது நியாயமே, கியூஆர் அட்டையை எடுத்துவிடும்படி நானும் சொல்ல மாட்டேன். ஆனால் உங்களிடம் பூ வாங்குபவர்களை ஒரு நாள் காலையில் கவனியுங்கள்: கோயிலுக்குப் போகும் வழியில் இரண்டு முழம் மல்லிகை கேட்டு, முந்தானையில் முடிந்த ஐந்து வெள்ளியை (ரிங்கிட்) அவிழ்க்கும் பாட்டி, கூலியைக் கையில் வாங்கும் தொழிலாளி, அம்மா கொடுத்தனுப்பிய பணத்தோடு வரும் பள்ளிப் பிள்ளை. இவர்களைத் திருப்பி அனுப்பினால் பக்கத்துக் கடைக்குப் போவார்கள், பிறகு அங்கேயே வாடிக்கையாகிவிடுவார்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் கூட்டம் நெரியும் வேளையில் கைப்பேசித் தொடர்பு தடுமாறினால், அவசரத்தில் இருக்கும் பக்தர் உங்களுக்காகக் காத்திருக்கவும் மாட்டார்.

கேள்வி: ரொக்கத்தை மறுத்தால் சட்டச் சிக்கல் வருமா?

பதில்: மத்திய வங்கியான பேங்க் நெகாரா வெளியிடும் நோட்டுகள் எந்தத் தொகைக்கும் செல்லுபடியாகும், நாணயங்களுக்கு, 2020ஆம் ஆண்டு நாணயச் சட்டத்தின்படி, ஒரு பரிவர்த்தனைக்கு 25 நாணயங்கள் என்பது உச்சவரம்பு. எனினும் வாங்குவதற்கு முன்பே தெரியும்படி அறிவிப்பு வைத்திருந்தால், அதை வணிக நிபந்தனையாகக் கொள்ள இடமுண்டு. வாழையிலைச் சாப்பாட்டை முடித்துக் கை கழுவிவிட்டு வருபவரிடம் கல்லாவில் வைத்து முதன்முறையாகச் சொல்வதுதான் வம்பு. அப்போது அவர் உங்களுக்குக் கடன்பட்டாயிற்று, கையில் நீட்டுவதோ நாட்டின் பணம்.

கேள்வி: செந்தூலில் மளிகைக்கடை நடத்துகிறேன். மின்சாரமோ இணையமோ எப்போதோ ஒருமுறைதானே போகிறது?

பதில்: அந்த ஒருமுறை எப்படிப்பட்டது என்பதையும் பாருங்கள். 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் சிக்கிக்கொண்டபோது மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் சேர்ந்தே போயின. 2022 ஜூலை 27 அன்று ஒரு துணைமின்நிலையத்தில் ஏற்பட்ட பழுதால் கிள்ளான் பள்ளத்தாக்கு உட்படத் தீபகற்பத்தின் பல பகுதிகள் இருண்டன. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பு உலகெங்கும் கணினிகளை முடக்கியபோது, நம் கோலாலம்பூர் விமான நிலையத்திலேயே பயணிகளைக் கையால் பதிய நேர்ந்தது. ரொக்கப் பயன்பாடு மிகக் குறைந்துவிட்ட சுவீடனில்கூட, 2024 நவம்பரில் அரசு வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக் கையேட்டில், கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருக்கும்படி எழுதியிருந்தது. அரிசியும் பால்மாவும் விற்கும் கடைக்கு அத்தகைய நாளில்தான் கூட்டம் வரும்.

கேள்வி: கியூஆரில் கட்டணமே இல்லையே, பிறகென்ன?

பதில்: 2023 நவம்பர் முதல், நாட்டின் பொதுவான கியூஆர் முறையான டுயிட்நவ் கியூஆருக்கு வணிகர்களிடம் கட்டணம் வாங்க வழி திறந்தது, பல வங்கிகள் சிறு வணிகர்களுக்கு விலக்கு அளித்தன. அது அவர்கள் தரும் சலுகை, நாளை மாறலாம். ரொக்கத்தை முற்றிலும் விட்டவருக்கு அப்போது பேரம் பேசக் கையில் ஒன்றும் இருக்காது. போலி ரசீதுப் படத்தைக் காட்டிவிட்டு நழுவுபவர்களும் உண்டு. வாங்குபவரின் திரையை நம்பாமல், உங்கள் செயலியில் பணம் வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்கள்.

கேள்வி: ரொக்கத்தில் 12.32 வெள்ளி வந்தால்?

பதில்: 12.30 வாங்குங்கள், 12.33 என்றால் 12.35. தொகையை அருகிலுள்ள ஐந்து சென்னுக்கு மாற்றும் இந்த விதி 2008 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது. மொத்தத் தொகைக்கு மட்டுமே பொருந்தும், மின்னணுக் கட்டணத்துக்குப் பொருந்தாது.

கேள்வி: திருட்டு பயமும் வருமான வரிச் சந்தேகமும் இருக்கிறதே?

பதில்: பயம் நியாயமானது. மறுநாள் காலைக்குத் தேவையான சில்லறையை மட்டும் கல்லாவில் விட்டுவிட்டு, மீதியை அன்றன்றே வங்கியில் போடுங்கள். கல்லாவில் இருந்து சொந்தச் செலவுக்கு எடுத்ததையும் அன்றே எழுதிவிடுங்கள். மாலையில் எண்ணும் பணம் விற்பனைப் புத்தகத்தோடு ஒத்துப்போக வேண்டும். ரசீதுகளையும் புத்தகங்களையும் 7 ஆண்டுகள் பாதுகாத்து வைத்திருந்தால், அதிகாரி கேட்கும்போது தயங்காமல் எடுத்துக் கொடுக்கலாம்.