ஒரு கரண்டி நட்சத்திரத்தை யார் நிறுத்துப் பார்த்தது?

கேள்வி: நட்சத்திரம் வெடித்த பிறகு அந்த இடத்தில் என்ன மிஞ்சும்? நியூட்ரான் நட்சத்திரத்தில் ஒரு கரண்டி எடுத்தால் ஒரு மலையின் எடை இருக்கும் என்கிறார்களே, நம்பலாமா?

நம்பலாம். ஆனால் "என்கிறார்களே" என்று நீங்கள் இழுத்த இழுப்பு எனக்குப் பழக்கமானது. இதே விஷயத்தில் ஒருமுறை பிள்ளைகள் முன்னால் அசடு வழிந்தவன் நான். அதனால்தான் பதில் நீளம்.

முதலில் மிஞ்சுவதைச் சொல்லிவிடுகிறேன். சூரியனைப் போல எட்டு மடங்குக்கு மேல் திணிவுள்ள நட்சத்திரத்தின் நடுவில் கடைசியாக இரும்பு சேரும். இரும்பை எரித்துச் சக்தி எடுக்க முடியாது. அடுப்பு அணைந்துவிட்டால் மேலே இருக்கிற பாரத்தைத் தாங்க எதுவுமில்லை. பூமியளவு இருந்த நடுப்பகுதி ஒரு செக்கனுக்குள் இருபது, இருபத்தைந்து கிலோமீற்றர் குறுக்களவுள்ள உருண்டையாகிவிடும். இலத்திரன்கள் புரோத்தன்களோடு நசுங்கி நியூத்திரன்களாகும். (எங்கள் பாடப்புத்தகத்தில் நியூத்திரன் என்றுதான் இருக்கும், சண்டைக்கு வராதீர்கள்.) மேலடுக்குகள் வெளியே பறந்து முகிலாகப் பரவும். 1054இல் சீனர்கள் 23 நாட்கள் பகலிலேயே பார்த்த வெடிப்பின் மிச்சம் ரிஷபத்தில் நண்டு நெபுலாவாக இன்றும் இருக்கிறது. செக்கனுக்கு 1,500 கிலோமீற்றர் வேகத்தில் இன்னும் விரிகிறது. அதன் நடுவில் கிடக்கிற நியூத்திரன் விண்மீன் செக்கனுக்கு 30 தரம் சுழல்கிறது.

எல்லா வெடிப்பும் இப்படி முடிவதில்லை என்பது எனக்கும் தெரியும். 1572இல் டைக்கோ பிராகே என்ற டென்மார்க் வானியலாளர் பார்த்ததில் ஒரு வெள்ளைக் குள்ளன் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிப்போன நட்சத்திரம்) அடியோடு சிதறிப்போனது, மிஞ்சியது முகில் மட்டும்தான். மிகப் பெரிய நட்சத்திரங்கள் சில கருந்துளையாகலாம். சரி, கரண்டிக்கு வருவோம்.

2022 மார்ச் கடைசி. இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்கள். சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதால் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மெழுகுதிரி வைத்து விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகளுக்குத் தூக்கம். எழுப்புவதற்காக இந்தக் கரண்டிக் கதையை எடுத்தேன். ஒன்றரைச் சூரியனை ஹட்டனுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில், நேர்கோட்டில் இருபது கிலோமீற்றர் சொச்சத்துக்குள், அடைத்தால் எப்படி, அப்படி. அதில் ஒரு தேக்கரண்டி 200 கோடி தொன்னுக்குக் குறையாது. இலங்கையில் ஆண்டுக்கு மூன்று லட்சம் தொன் தேயிலை என்று வைத்தாலும் ஆறாயிரம் ஆண்டுக்கு மேல் பறிக்க வேண்டும். 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைத் தோட்டம் தொடங்கிய நாளிலிருந்து இன்றுவரை வந்த தேயிலை முழுவதையும் கொட்டினாலும் அந்தக் கரண்டியின் அடிகூட நிறையாது.

பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். மகளைக் கூட்டிப்போக வந்த ஓர் அக்கா மட்டும் பிளக்கவில்லை. கொழுந்து பறிக்கப் போன உடுப்போடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் வாசலில் நின்றவர் கேட்டார்:

"யாரு சேர் அத நிறுத்துப் பாத்தது?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அதுதான் தப்பு. "விஞ்ஞானிங்க சொல்றாங்க அக்கா" என்றேன்.

"எங்க மலையிலயும் அப்புடித்தான் சொல்றாங்க. இருவது கிலோ கொண்டுபோனா பதினாறுங்கிறாங்க."

அன்றிரவு தூக்கம் வரவில்லை. யார் நிறுத்தார்கள் என்று எனக்கே தெரியாது. பட்டம் முடித்தவன், படிப்பிக்கிறவன், எங்கோ வாசித்ததை ஒப்பித்திருக்கிறேன். (கரண்டியில் அள்ளினால் அழுத்தம் போய் அது வெடித்துவிடும் என்று எழுத வருபவர்களே, சரிதான். இது அடர்த்தியைச் சொல்வதற்கான உவமை, சமையல் குறிப்பு இல்லை.)

தேடிப் பார்த்தேன். நிறுத்திருக்கிறார்கள், தராசே இல்லாமல். 1974இல் ரசல் ஹல்ஸும் ஜோசப் டெய்லரும் (இந்த டெய்லர் வேறு) அரெசிபோ வானொலித் தொலைநோக்கியில் ஒரு துடிவிண்மீனைக் (சுழலும்போது ஒழுங்கான வானொலித் துடிப்பாகத் தெரிகிற நியூத்திரன் விண்மீன்) கண்டுபிடித்தார்கள். செக்கனுக்கு 17 தரம் துடிக்கிற அதன் துடிப்பு கொஞ்ச நேரம் முந்தி வருகிறது, கொஞ்ச நேரம் பிந்தி வருகிறது. ஏழே முக்கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதே ஒழுங்கு திரும்புகிறது. அப்படியென்றால் அது இன்னொன்றைச் சுற்றுகிறது: நம் பக்கம் வரும்போது முந்துகிறது, அந்தப் பக்கம் போனால் பிந்துகிறது. அந்தச் சுற்றின் அளவையும் ஐன்ஸ்டைனின் கணக்கையும் சேர்த்துப் பார்த்ததில் இரண்டுக்குமே சூரியனைப் போல 1.4 மடங்குத் திணிவு. அதை இருபது கிலோமீற்றர் சொச்சம் உருண்டைக்குள் அடைத்தால் கரண்டிக் கணக்கு வந்துவிடும். 1993இல் நோபல் பரிசு.

மறுநாள் மண்டபத்தில் ஒரு பெரிய பையனையும் சின்னப் பையனையும் கைகோத்துச் சுற்றவிட்டேன். பெரியவன் கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நிற்க, சின்னவன் பெரிய வட்டமடித்தான். சம எடையான இரண்டு பேரை விட்டதும் இருவரும் ஒரே மாதிரி ஓடினார்கள். அக்கா கடைசி வரை பார்த்தார். "அப்ப ஆட்டத்த வச்சு எடை சொல்றாங்க" என்றார். இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

அமாவாசை வேறு. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) ஒரு விளக்குக்கூட இல்லை. இரவல் பைனாகுலரில் மேற்கே நண்டு நெபுலாவைக் காட்டினேன். தெரிந்தது ஊதிவிட்ட மூச்சு மாதிரி ஒரு மங்கல். "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்றார்.

துடிவிண்மீனை முதலில் கண்டது 1967இல் ஜொசலின் பெல், அப்போது ஆராய்ச்சி மாணவி. 1974இல் அந்தக் கண்டுபிடிப்புக்கான நோபல் அவருடைய பேராசிரியருக்கு. பேராசிரியரும் உழைத்தவர்தான், மறுக்கவில்லை. ஆனாலும் கொழுந்து பறித்தவர் ஒருவர், செக்ரோலில் (தோட்டத்து வேலைப் பதிவேட்டில்) பேர் விழுந்தது இன்னொருவருக்கு.

கேள்விக்கு வெளியே போகிறேன், தெரியும். என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். சாக்குக்கு இரண்டு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ என்று கழித்துவிட்டு, கிலோ குறைவு என்று அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடுவார்கள். மழை பெய்யாத நாளிலும் ஈரம் இருக்கும். ஏழே முக்கால் மணித்தியாலச் சுற்றை வைத்து ஒரு நட்சத்திரத்தை நிறுக்கிற உலகத்தில், கண்ணெதிரே தராசில் தொங்குகிற கொழுந்துக்கு ஒழுங்கான கணக்கு இல்லை.

அந்த அக்காவுக்கு ஹட்டனில் ஒரு டிஜிட்டல் தொங்கு தராசு வாங்கிக் கொடுத்தேன். மலையிலிருந்து இறங்குமுன் அவரே நிறுத்துக் கொப்பியில் எழுதி வைக்கிறார். போன கிழமையும் தோட்டத்து நிறுவைத் துண்டில் மூன்று கிலோ குறைவு. ஈரத்துக்கென்று எத்தனை கிலோ கழிக்கலாம் என்று சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். நட்சத்திரத்தில் சந்தேகம் என்றால் நான் சொல்கிறேன்.